வெற்றுப் படிவத்தில் என் கையெழுத்து

அந்தத் திங்கட்கிழமை காலை, எதிரே நின்ற ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் நான் ஒரு பொய் சொன்னேன். பெரிய பொய் ஒன்றும் இல்லை. "சரியா ஞாபகம் இல்ல," அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தால் அவளுடைய நான்கு வருடப் படிப்பு போய்விடும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

நம் போதகர் இதை எழுதித் தரும்படி இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் வேலை இருக்கிறது என்று நழுவினேன். வேலை ஒன்றும் இல்லை, வெட்கம்தான். ஆனால் கர்த்தர் செய்ததை மறைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் முன்வரிசையில் உட்கார முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். வாசித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் கோலாலம்பூரில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளர். தமிழ்ப்பள்ளிகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போகிறவர்கள்தான் என் மாணவர்கள். பாடம் நடத்துவதோடு எங்களுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. ஆளுக்குப் பதினெட்டு, இருபது பேரை எங்களிடம் ஒப்படைத்து, அவர்களுக்குக் கல்வி ஆலோசகராக இருக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பிள்ளைகளை ஒருவர் ஒருவராக எதிரே உட்கார வைக்க வேண்டும். எந்தப் பாடம் முடிந்தது, எது பாக்கி, எதை இந்தப் பருவம் எடுக்க வேண்டும் என்று பட்டியலை வைத்துச் சரிபார்க்க வேண்டும். பிறகு பதிவுப் படிவத்தில் மாணவரும் ஆலோசகரும் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வருடத் தொடக்கத்திலேயே ஒரு கட்டு வெற்றுப் படிவத்தை எடுத்து, எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு, என் முத்திரைச் சாப்பும் குத்தி, பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவேன். "நீங்களே நெரப்பிக்குங்க லா. கெட்டுப்போனா இன்னொண்ணு எடுத்துக்குங்க," என்பேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். என் அறைக்கு வெளியே வரிசை கிடையாது, காத்திருப்பு கிடையாது. பதிவுப் பிரிவுக்கு முதல் நாளே என் பிள்ளைகளின் படிவங்கள்தான் போய்ச் சேரும். "உங்க குரூப் மட்டும் எப்படிங்க இவ்வளவு ஃபாஸ்ட்?" என்று சக விரிவுரையாளர்கள் கேட்பார்கள். நான் சிரித்துக்கொள்வேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

யோகேஸ்வரி என் பதினெட்டுப் பேரில் ஒருத்தி. தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வந்த பெண். அம்மா அங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அதிகம் பேச மாட்டாள், ஆனால் கரும்பலகை முன்னால் நின்றுவிட்டால் அவளே வேறு ஆள். பள்ளியில் பயிற்றுப்பணி செய்தபோது அவள் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியதை நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அழுதுகொண்டு வந்த ஒரு பிள்ளை, பத்தே நிமிடத்தில் கையைத் தூக்கிப் பதில் சொன்னது. இவள் ஆசிரியராக வராவிட்டால் வேறு யார் வருவது என்று அன்றே நினைத்தேன்.

எங்கள் பிள்ளைகள் எல்லாரும் ஒரு புறப்பாட முகாமுக்குப் போய் வர வேண்டும். நாளைக்குப் பள்ளியில் சாரணர் இயக்கத்தை அவர்கள்தானே நடத்தப் போகிறார்கள். அதற்கு மதிப்பெண் உண்டு. அது இல்லாமல் படிப்பு முடிந்ததாகாது. யோகேஸ்வரியின் வகுப்பு முகாமுக்குப் போன வாரம் அவள் டிங்கிக் காய்ச்சலில் மருத்துவமனையில் கிடந்தாள். சரி, அடுத்த வருடம் போகலாம் என்று கல்லூரியும் எழுதிக் கொடுத்தது. அடுத்த வருடம் வந்தது. என் கையெழுத்துப் போட்ட படிவத்தைத் தோழிகளோடு உட்கார்ந்து நிரப்பியபோது, அவர்கள் எழுதிய பாடங்களையே இவளும் எழுதிவிட்டாள். முகாமை எழுதவில்லை. மறந்துபோனாள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு மறக்காதா? அதை ஞாபகப்படுத்தத்தான் ஆலோசகர் என்று ஒருத்தியை வைத்திருக்கிறார்கள். அந்த ஆலோசகர் எதிரே இல்லை.

கடைசிப் பருவத்தில் இது வெளியே வந்தது. படிப்பை முடித்தவர்களின் பெயர்ப்பட்டியலை அனுப்ப இரண்டு வாரம்தான் இருந்தது. அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் பள்ளியில் வேலை.

திங்கட்கிழமை பதிவுப் பிரிவுத் தலைவர் ரொஹானா அம்மையார், எங்களுக்கெல்லாம் புவான் ரொஹானா, என்னைக் கூப்பிட்டார். மலாயில் நடந்த பேச்சை நம் பேச்சிலேயே எழுதுகிறேன். யோகேஸ்வரி ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தாள். மேசைமேல் அந்தப் படிவம்.

"இந்தத் தேதியில நீங்க எமர்ஜென்சி லீவு," என்றார் புவான் ரொஹானா. "சிஸ்டத்துல இருக்கு. அன்னிக்கு நீங்க கல்லூரிக்கே வரல. அப்புறம் எப்படி இந்தப் படிவத்துல உங்க கையெழுத்து வந்துச்சு?"

அந்தத் தேதி எனக்கு மறக்கவே மறக்காது. என் கணவர் டேனியலுக்கு நெஞ்சுவலி வந்து, கிள்ளானில் மருத்துவமனையில் சேர்த்த நாள். நான் போட்டு வைத்த கையெழுத்தின் பக்கத்தில் அந்தப் பெண் அன்றைய தேதியை எழுதியிருக்கிறாள். அவளைப் பொறுத்தவரை அது படிவத்தைப் பதிவுப் பிரிவில் கொடுத்த நாள்.

"முகாமுக்குப் போகாம தப்பிக்க இந்தப் பொண்ணு உங்க கையெழுத்த போட்டுருக்குன்னு நாங்க சந்தேகப்படறோம். கள்ளக் கையெழுத்துன்னா கல்லூரிய விட்டே எடுத்துருவாங்க. இது உங்களோடதா, பார்த்துச் சொல்லுங்க."

என்னுடையதுதான். அந்தச் சுழி, அந்தக் கோடு, சாய்ந்து விழுந்த அந்த நீல முத்திரை, எல்லாம் என்னுடையதுதான். ஆமாம் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். இருபது வருட வேலை. துறைத் தலைவர் பதவிக்கு என் பெயர் போயிருந்த நேரம் வேறு. வாய் தானாகச் சொல்லிவிட்டது: "சரியா ஞாபகம் இல்ல."

"மேடம் கையெழுத்துதான்," என்றாள் யோகேஸ்வரி மெதுவாக.

"அப்போ மேடம் எங்க இருந்து போட்டாங்க, ஆஸ்பத்திரியில இருந்தா?" என்று கேட்டார் புவான் ரொஹானா.

அவள் வெற்றுப் படிவத்தில் வாங்கினோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னை ஒரு தரம் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். வியாழக்கிழமை பத்து மணிக்கு விசாரணை என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டார்கள்.

நான் அதோடு நிற்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் எழுதியதே வீண். அன்று சாயங்காலம் என் அறைக் கதவைச் சாத்தினேன். மிச்சம் இருந்த கையெழுத்துப் போட்ட படிவங்களை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். ஒவ்வொன்றாகக் கிழித்தேன். கிழித்ததைப் பையில் போட்டு, ரயிலில் கொண்டுபோய், கிள்ளான் ஸ்டேஷன் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்று என் ஜெபம், 'ஆண்டவரே, என்னைக் காப்பாற்றும்' என்பதுதான். அந்தப் பிள்ளையின் பெயர் அந்த ஜெபத்தில் இல்லை.

செவ்வாய்க்கிழமை சோறு இறங்கவில்லை. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் பாதியில் எந்தப் பாடம் என்பதையே மறந்து நின்றேன். நடைபாதையில் யோகேஸ்வரி எதிரே வந்தாள். "குட் மார்னிங் மேடம்," என்றாள், எப்போதும் சொல்வது போலவே. அவள் முறைத்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

புதன்கிழமை நம் சபையார் ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம். வந்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜெபக் குறிப்பு கேட்டபோது நான், "என் மாணவி ஒருத்தி கஷ்டத்துல இருக்கா. செய்யாத தப்புக்கு மாட்டிக்கிட்டா. அவளுக்காக ஜெபிங்க," என்றேன். அடடா, எவ்வளவு அக்கறையான மேடம். எல்லாரும் உச்சுக்கொட்டினீர்கள். ரூபி அக்கா கண்ணை மூடிக்கொண்டு, நம் எல்லாருக்கும் தெரிந்த அந்தச் சத்தமான குரலில் ஜெபித்தார்: "ஆண்டவரே, அந்தப் புள்ளைக்காக வாயத் தொறந்து பேச ஒரு ஆள அனுப்புங்கப்பா. உண்மை தெரிஞ்ச யாராச்சும் ஒருத்தர எழுப்பி விடுங்கப்பா."

எல்லாரும் ஆமென் சொன்னீர்கள். நானும் சொன்னேன். அக்கா யாரைக் கேட்கிறார் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஆள் அவருக்கு நேர் எதிரே, பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, தட்டில் கறிபாப் பலகாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காரில் திரும்பும்போது டேனியல் கேட்டார். "எந்தப் புள்ள அது?"

சொன்னேன். கிழித்ததையும் சொன்னேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"நான் ஆஸ்பத்திரியில படுத்திருந்த நாளா அது?"

"ஆமா."

"என் நெஞ்சுவலிய சாக்கு வெச்சு அந்தப் புள்ளைய விட்டுறாத லா," என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் காரிலேயே அழுதேன். அப்போதுதான் முதல் முறையாக யோகேஸ்வரியின் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். 'ஆண்டவரே, நாளைக்குப் பத்து மணிக்கு எனக்கு வாயைக் கொடும். வேலை போனாலும் போகட்டும்' என்றேன். போகட்டும் என்று சொன்னேனே தவிர, பயம் போகவில்லை.

வியாழக்கிழமை காலை கிள்ளானில் வழக்கமான ரயிலைப் பிடித்தேன். நல்ல மழை. பாதி வழியில் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. விசாரணை பத்து மணிக்கு இல்லை, எட்டரைக்கு என்று மாற்றிவிட்டார்கள். மணி எட்டாகப் பத்து நிமிடம். ரயிலுக்குள் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்? உட்கார முடியாமல் எழுந்து கதவோரம் நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு சீனப் பெண்மணி, உடம்பு சரியில்லையா என்று மலாயில் கேட்டார். நல்லாத்தான் இருக்கேன் ஆன்டி என்று தமிழில் பதில் சொல்லியிருக்கிறேன்.

இறங்கியபோது எட்டு இருபது. மழைக்கு ஒரு வாடகைக் காரும் நிற்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் தெருவில் நடந்தேன். நடந்தேன் என்ன, ஓடினேன். ஐம்பத்து மூன்று வயதில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவளைப் பார்த்துப் பூக்கடைக்காரர் ஒருவர், "அக்கா, பார்த்து, வழுக்கும்," என்று சத்தம் போட்டார். ஒரு செருப்பு அறுந்தது. இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

விசாரணை அறைக் கதவைத் தட்டாமல் திறந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் புவான் ரொஹானா. இந்தப் பக்கம் யோகேஸ்வரி, மடியில் அவளுடைய பிளாஸ்டிக் கோப்பு. என் காலைப் பார்த்துவிட்டு எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"அது என் கையெழுத்து," என்றேன். மூச்சு வாங்கியது. "நான் வெற்றுப் படிவத்துல போட்டுக் கொடுத்தேன். எல்லாப் பிள்ளைங்களுக்கும் அப்படித்தான் கொடுத்தேன். ரொம்ப வருஷமா. திங்கட்கிழமை நான் பொய் சொன்னேன்."

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. புவான் ரொஹானா பேனாவைக் கீழே வைத்தார்.

"உக்காருங்க. உங்களுக்கு இந்தப் பொண்ணு மேல எவ்வளவு பாசம்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு ஞாபகம் இல்லன்னு சொன்னீங்க. இன்னிக்கு அவள காப்பாத்தறதுக்காக இப்படிச் சொல்றீங்கன்னு நான் ஏன் நினைக்கக் கூடாது? ஆதாரம் இருக்கா? அந்த மாதிரி இன்னொரு படிவம் காட்ட முடியுமா?"

என் கையாலேயே கிழித்த படிவங்கள். என் கையாலேயே போட்ட குப்பைத் தொட்டி. உண்மையைச் சொல்ல வந்தும், அந்த உண்மையை நம்ப வைக்க என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. "இல்ல. கிழிச்சுட்டேன்," என்றேன். அது இன்னும் மோசமாகத்தான் கேட்டது. மற்ற இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆண்டவரே, தாமதித்தது என் தப்பு, அந்தப் பிள்ளையைத் தண்டிக்காதேயும் என்று மனதுக்குள் கதறினேன்.

அப்போது பிளாஸ்டிக் உறை சரசரத்தது. எங்கள் பிள்ளைகள் ஒரு காகிதத்தையும் வீச மாட்டார்கள். பாடத்திட்டம், பயிற்சித்தாள், ரசீது, எல்லாவற்றையும் உறைக்குள் போட்டு வைக்கும் பழக்கம் முதல் வருடத்திலேயே வந்துவிடும். யோகேஸ்வரி தன் கோப்பிலிருந்து ஓர் உறையை உருவி மேசைமேல் வைத்தாள். ஒரு பாடம்கூட எழுதாத படிவம். அடியில் என் கையெழுத்து, சாய்ந்து விழுந்த என் முத்திரை. கெட்டுப்போனால் எடுத்துக்கொள் என்று நான் கொடுத்த அந்த இன்னொன்று.

புவான் ரொஹானா இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அவளைக் கேட்டார். "இது திங்கட்கிழமையும் உங்கிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சு புவான்."

"அன்னிக்கே ஏன் காட்டல?"

"காட்டியிருந்தா மேடம நானே மாட்டிவிட்ட மாதிரி ஆயிருக்கும். மேடமே சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன்."

"சொல்லாம இருந்திருந்தா?"

"இன்னிக்குக் கடைசியில காட்டணும்னுதான் கொண்டு வந்தேன். எங்கம்மா ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாங்க. ஆனா காட்ற மாதிரி ஆகக் கூடாதுன்னு காலையில சாமிகிட்ட வேண்டிக்கிட்டு வந்தேன்."

அவள் இந்துப் பெண். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், யாருக்கும் நெருடினால் மன்னியுங்கள். மூன்று நாளாக நான் என்னைக் காப்பாற்றும்படி ஜெபித்துக்கொண்டிருந்தேன். தன்னை ஒரு நொடியில் காப்பாற்றிக்கொள்ளக்கூடிய காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவளும் என்னைக் காப்பாற்றும்படித்தான் வேண்டிக்கொண்டிருந்தாள். அந்த அறையிலேயே, மூன்று பேர் முன்னிலையில், நான் அழுதேன். அவள்தான் டிஷ்யூ கொடுத்தாள்.

கள்ளக் கையெழுத்து என்ற குற்றச்சாட்டு அங்கேயே விழுந்தது. முகாம் பாக்கி அப்படியே இருந்தது. ஆனால் கர்த்தர் பாதியில் விடுகிறவர் இல்லை. அந்த வாரக் கடைசியில் சுங்கை பூலோ பக்கத்தில் இளைய வகுப்பின் முகாம் இருந்தது. "தப்பு எங்க பக்கம்," என்று சொல்லி, அவளை அதில் சேர்த்துவிட்டார் புவான் ரொஹானா. நானும் போனேன், யாரும் கூப்பிடவில்லை, உதவியாளாகப் போனேன். மூன்று நாள் கூடாரத்தில் படுத்து, அட்டைக்கடி வாங்கி, பிள்ளைகளோடு சேற்றில் நடந்தேன். கூடாரம் அடிக்கத் தெரியாமல் நான் முழித்ததைப் பார்த்து யோகேஸ்வரி, "மேடம், இதுக்கும் சும்மா ஒரு கையெழுத்து போட்டுருங்க லா," என்றாள். சுற்றி இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த வாரத்தில் நானும் அப்போதுதான் சிரித்தேன்.

பெயர்ப்பட்டியல் போனது. அவள் பெயர் அதில் இருந்தது.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. துறைத் தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது. என் பிள்ளைகளை இரண்டு பருவம் இன்னோர் ஆலோசகரிடம் மாற்றிவிட்டார்கள். வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் அது இரண்டாவது பொய். ஆனால் அன்று முதல் எனக்குச் சாப்பாடு இறங்குகிறது.

இப்போது மறுபடியும் ஆலோசகர் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையும் என் எதிரே உட்கார வேண்டும். பட்டியலை விரித்து, ஒவ்வொரு வரியாகப் பேனாவை வைத்துப் பார்க்கிறேன். உடம்பு எப்படி, வீட்டில் எப்படி என்று கேட்கிறேன். அவர்கள் உள்ளே வருவதற்கு முன்னால் பெயர் சொல்லி ஜெபித்துவிடுகிறேன், கதவுக்கு இந்தப் பக்கம், அவர்களுக்குத் தெரியாமல். வரிசை இப்போது படிக்கட்டு வரைக்கும் நீளுகிறது. எங்கள் குரூப்தான் கடைசி. யோகேஸ்வரி ஒரு தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு ஆசிரியை. போன மாதம் கூப்பிட்டிருந்தாள். "மேடம், இன்னிக்கு ரிப்போர்ட் புக் எல்லாம் கையெழுத்து போட்டேன். ஒவ்வொண்ணா தொறந்து பாத்துட்டுத்தான் போட்டேன், பயப்படாதீங்க," என்றாள். தேவனுக்கே மகிமை.

அன்பானவர்களே, உங்களில் யாருக்காவது தொண்டையில் ஒரு வார்த்தை சிக்கிக்கொண்டிருந்தால், அதை வைத்துக்கொண்டு மற்றவர்களிடம் ஜெபக் குறிப்பு கொடுக்காதீர்கள். நான் கொடுத்துப் பார்த்தேன், ஜெபம் திரும்பி என் மேலேயே வந்து விழுந்தது. போய்ச் சொல்லிவிடுங்கள். கர்த்தர் உங்களுக்கு முன்னாலேயே அங்கே போய் இருக்கிறார். எனக்கு முன்னால் அந்த அறையில், ஒரு பெண்ணின் மடியில் இருந்த கோப்பில், அவர் எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்திருந்தார். தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். காலை ஏழு மணிக்குக் கிள்ளான் ஸ்டேஷனில்தான் நிற்பேன், கூட வருகிறேன்.